விலையை மாத்துனா போன மாச விற்பனைக் கணக்கும் சேந்து மாறுது, உதவி பண்ணுங்க

கேள்வி:
வணக்கம். சின்ன மளிகைக்கடை, கூகுள் ஷீட்ல கணக்கு போடுறேன். விலைன்னு ஒரு ஷீட், அதுல பொருள், வாங்குன விலை, விக்கிற விலை. விற்பனைன்னு இன்னொண்ணு, அதுல தேதி, பொருள், எத்தனைன்னு மட்டும் அடிப்பேன், மீதி விலுக்கப் (பொருள் பேர வச்சு விலைய எடுக்குற ஃபார்முலா) போட்டு தானா வந்துரும். இப்ப கடலெண்ணெய் 180ல இருந்து 195 ஆயிருச்சு, விக்கிறதையும் 200ல இருந்து 215 ஆக்கினேன், உடனே போன மாச மொத்த விற்பனையே கூடிப்போச்சு, கல்லா நோட்டோட ஒட்டவே மாட்டேங்குது. என்ன செய்ய?

பதில்:
ஃபார்முலா எப்பவும் இன்னைக்கு இருக்குற விலையத்தான் பாக்கும் அண்ணா. ராத்திரி கணக்கு முடிச்சதும் அன்னைக்கு வரிகள்ல விலை காலத்தை (காலம்னா மேல இருந்து கீழ போற கட்டங்க) காப்பி பண்ணி அங்கயே கன்ட்ரோல் ஷிஃப்ட் வி அடிங்க, ஃபார்முலா போயி வெறும் நம்பரா நிக்கும், அப்புறம் மாறாது.

கேட்டவர்:
கடை சாத்த 10 மணி ஆயிரும் தம்பி, தினம் ஞாபகம் வராது. தானா நடக்குற மாதிரி வழி இருக்கா?

வேறொரு பதில்:
இருக்கு. விலை ஷீட்ல பழைய விலைய அழிக்கவே அழிக்காதீங்க. முதல் காலத்துல தேதி, அப்புறம் பொருள், வாங்குனது, விக்கிறது, விலை மாறும்போதெல்லாம் கீழ புது வரி. விற்பனை ஷீட்லயும் ஏ தேதி, பி பொருள்னா வாங்குன விலைக்கு இது:

=இன்டெக்ஸ்(சார்ட்(ஃபில்டர்(விலை!ஏ:டி, விலை!பி:பி=பி2, விலை!ஏ:ஏ<=ஏ2),1,ஃபால்ஸ்),1,3)

இங்கிலீஷ்ல அடிங்க (INDEX, SORT, FILTER, FALSE), ஷீட் பேர் மட்டும் உங்க ஷீட்ல இருக்குற மாதிரியே. வித்த தேதி வரைக்கும் கடைசியா இருந்த விலைய எடுத்துக்கும். விக்கிற விலைக்கு கடைசி 3ஐ 4 ஆக்குங்க. எக்செல் 2016, 2019ல இது ஓடாது, இந்த ஃபில்டர் ஃபார்முலாவே அதுல கிடையாது.

இன்னொண்ணு, இது ரொம்ப பேரு விடுறது, புது விலை வரிக்கு வாங்குன பில் தேதிய போடாதீங்க. 180க்கு வாங்குன டின் இன்னும் கடையில இருக்கும்ல, அது தீந்து புது டின் பிரிக்கிற அன்னைக்குத்தான் 195 வரி ஆரம்பிக்கணும். இல்லன்னா பழைய சரக்குக்கும் 195தான் வாங்குன விலைன்னு கணக்கு வரும். வாடகை, கரண்ட் பில்லெல்லாம் தனி ஷீட்ல வச்சு மாசக் கடைசியில மொத்தமா கழிங்க.

கேட்டவர்:
எண்ணெய்க்கு சரியா வந்துருச்சு, ரொம்ப நன்றிங்க! ஆனா சில வரியில விலைக்குப் பதிலா #என்/ஏ அப்படின்னு பிழை நிக்குது, துவரம்பருப்புல நிறைய.

ஃபார்முலா குடுத்தவர்:
மூணு காரணம் இருக்கலாம். முதல் விற்பனை தேதியிலயோ அதுக்கு முன்னாடியோ அந்தப் பொருளுக்கு விலை வரி இருக்கணும், இல்லன்னா எடுக்க ஒண்ணுமே இருக்காது. ஒரு இடத்துல துவரம்பருப்பு, இன்னொரு இடத்துல நடுவுல இடம் விட்டு துவரம் பருப்புன்னு இருந்தாலும் ஒட்டாது, பொருள் காலத்துக்கு டிராப்டவுன் (அடிக்காம பட்டியல்ல இருந்து எடுக்குறது) வச்சிருங்க. விலை ஷீட் தேதியையும் பாருங்க, கட்டத்துல இடது பக்கம் ஒட்டி நின்னா ஷீட் அதை வெறும் எழுத்தா நினைக்குது, ஃபைல் மெனு செட்டிங்ஸ்ல லொக்கேல்ங்குற இடத்துல நாட்டை இந்தியா ஆக்கிட்டு அந்த தேதிகளை மறுபடி அடிங்க.