மொஸ்காட்டோ கிராப்பாவில் மங்கல் நீங்கவில்லை, வழி தேவை

இத்தாலியின் பியமோந்தே பகுதியில், கானெல்லியில் உள்ள எங்கள் சிறிய உணவகத்தில், இனிப்போடு பரிமாறும் கிராப்பா என்ற மது கலங்கிப்போய்த் தெளியாமல் நிற்கிறது. ஒயினுக்குப் பிழிந்தபின் மிஞ்சும் மொஸ்காட்டோ திராட்சைச் சக்கையிலிருந்து காய்ச்சி வடித்த, மரப்பீப்பாயில் வைக்காத இளம் வகை அது. ஆல்கஹால் 42 சதவீதம். அருகிலுள்ள ஒரு சிறு வடிசாலையில் வாங்கியது.

போன மாதம் ஃப்ரீசரில் வைத்த பிறகே பால் கலந்தாற்போன்ற மங்கல் தோன்றியது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அடியில் வெண்துகள்கள் நூல்நூலாக அசைகின்றன, மணத்தில் குறையில்லை.

சக்கையிலிருந்து வரும் எண்ணெய்த்தன்மையுள்ள பொருள்கள் குளிரில் திரளும் என்பது தெரிந்ததுதான், ஆனால் அறை வெப்பநிலைக்குக் கொண்டுவந்தும் முழுமையாகத் தெளியவில்லை. காபி வடிதாளில் வடித்ததில் துகள் குறைந்தது, மங்கல் அப்படியே இருக்கிறது. அசைக்காமல் நிறுத்திவைத்து மேலாக இறுத்தும் பார்த்தாயிற்று. கரித்தூளில் வடிக்கச் சொல்கிறார்கள். அது மொஸ்காட்டோவின் பூமணத்தையும் சேர்த்து உறிஞ்சிவிடும் என்பதால் தயங்குகிறேன், ஏனெனில் அந்த மணம் போனால் ஹேசல்நட் கேக்கின் பக்கத்தில் இதை வைப்பதற்கே பொருளில்லை. (பீப்பாயில் முதிர்ந்த வகையானால் கறுப்புச் சாக்லெட்டுடன் சமாளித்துவிடலாம்.)

மணம் கெடாமல், உணவகச் சமையலறையிலேயே இந்த மங்கலை நீக்க என்ன செய்யலாம்?