நொய் இல்லாமல் ஆடிக் கூழா? யார் சொன்னது?

பாலாற்றங்கரை:
சமையல் பகுதியில் 'தோட்டத்துக்காரன்' என்பவர் நேற்று ஆடிக் கூழ் செய்முறை போட்டிருக்கிறார். அதில் ஒரு வரி: "அசல் கிராமத்துக் கூழில் கேழ்வரகு மட்டும்தான். நொய் சேர்ப்பது கடைக்காரர்கள் அளவைக் கூட்டக் கண்டுபிடித்த வழி." படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வேலூர்ப் பக்கம் எந்த அம்மன் கோயிலில் ஐயா நொய் (நெல் குத்தும்போது உடைகிற குருணை) இல்லாமல் கூழ் காய்ச்சுகிறார்கள்? கேழ்வரகு மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்க வைக்கிறோம். மறுநாள் சாயங்காலம் அண்டாவில் நொய்யை வேகவிட்டு, அது குழைந்த பிறகு மாவை ஊற்றித் துடுப்பால் கிளறுகிறோம். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில் உப்பு, மோர், நறுக்கிய சின்ன வெங்காயம் போட்டுக் கரைக்கிறோம். இதில் நொய்யை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? அதை வைத்துச் சுவரில் போஸ்டர் ஒட்டலாம், அம்மனுக்கு வார்க்க முடியாது.

தோட்டத்துக்காரன்:
என்னைத் தனியாக மேடையேற்றியதற்கு நன்றி. பாலாற்றங்கரை சார், உங்களுக்குத் தெரிந்தது டவுன் கூழ். எங்களுடையது மானாவாரி நிலம். கேழ்வரகும் மல்லாட்டையும்தான் (வேர்க்கடலை) விளையும். அரிசிச் சோறு என்பது பொங்கல், தீபாவளி, விருந்தாளி வந்தால். அப்படிப்பட்ட வீட்டில் கூழுக்குப் போட அரிசி எங்கிருந்து வரும்? எங்கள் ஆயா சில வருஷம் கம்பு சேர்ப்பார், நொய் சேர்த்துப் பார்த்ததே இல்லை. கொல்லையில் நிற்கிற முருங்கையை ஒடித்துக் கீரையை உருவி, வதக்கி, வறுத்த மல்லாட்டையைப் பொடித்துத் தூவுவார். அந்தக் கூழுக்கும் அந்தக் கீரைக்கும் எதுவும் குறையாக இருந்ததில்லை. அம்மனும் ஒரு வருஷமும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

பாலாற்றங்கரை:
அரிசி வேறு, நொய் வேறு. நெல்லைக் குத்தும்போது உடைந்து விழுவது நொய். சோறு வடிக்க ஆகாது என்று ஒதுக்குவது. அதனால்தான் அது இல்லாதவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அறுவடைக்குப் போனவர்கள் நெல்லைக் கூலியாக வாங்கி வந்து வீட்டிலேயே குத்தினார்கள். நொய் விழாமல் வேறு என்ன விழும்? காவேரிப்பாக்கம் ஏரியை ஒரு முறை போய்ப் பாருங்கள். அதன் ஆயக்கட்டில் விளைவது என்ன, ரோஜாப் பூவா? நொய் இல்லையாம்!

ஆரணிப்பட்டு:
அண்ணன் சொல்வது சரி. ஆரணி அரிசி மில் பக்கம் வளர்ந்தவன் நான். ஆடி பிறந்தால் போதும், நொய் வாங்க ஆள் மேல் ஆள் வருவார்கள். கோயில்காரர்கள் மூட்டையாகத் தூக்கிப் போவார்கள்.

தோட்டத்துக்காரன்:
ஆரணி இருப்பது திருவண்ணாமலை மாவட்டம். பேச்சு வேலூர்க் கூழைப் பற்றி.

ஆரணிப்பட்டு:
ஓ அப்படியா? 1989 வரைக்கும் நீங்களும் நாங்களும் ஒரே வட ஆற்காடு. 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போயின. அன்றைக்கே அங்கெல்லாம் கூழில் நொய்யை நிறுத்தச் சொல்லிக் கலெக்டர் ஆபீஸிலிருந்து தாக்கீது வந்ததா? மில்லே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு நொய்யைப் பற்றிப் பேச வந்துவிட்டார்.

குடியாத்தத் தறி:
ஒரு சின்ன சந்தேகம். நீங்கள் கூழ் என்று சொல்வது கிளறி இறக்கின கெட்டியையா, மோர் ஊற்றிக் கரைத்ததையா? எங்கள் பக்கம் கெட்டியாக உருண்டை பிடித்தால் களி, கரைத்தால்தான் கூழ். இதை முதலில் பேசி முடிவு செய்தால் பாதித் தகராறு

பாலாற்றங்கரை:
அதெல்லாம் அப்புறம். நொய் உண்டா இல்லையா? அதைச் சொல்லுங்கள்.

குடியாத்தத் தறி:
சரி, நான் ஒன்றும் சொல்லவில்லை.

படவேட்டம்மன் துணை:
அம்மன் கதை தெரியாதவர்கள் எல்லாம் கூழ் பற்றி எழுதுவது காலக் கொடுமை. ஜமதக்னி முனிவர் கொல்லப்பட்டதும் ரேணுகாதேவி தீயில் இறங்கினாள். இந்திரன் மழை பெய்வித்துத் தீயை அணைத்தான். உடம்பெல்லாம் கொப்புளம். வேப்பிலையைக் கட்டிக்கொண்டு பக்கத்துக் குடியிருப்புக்குப் போய்ப் பசிக்கிறது என்றாள். அங்கிருந்த ஜனங்கள் கொடுத்தது பச்சரிசி மாவு, வெல்லம், இளநீர். ஆடியில் நாம் வேப்பிலை கட்டுவதும் கூழ் வார்ப்பதும் அதன் நினைவாகத்தான். ஆக அம்மன் முதலில் சாப்பிட்டது அரிசி. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

தோட்டத்துக்காரன்:
நீங்களே சொல்லிவிட்டீர்கள், பச்சரிசி மாவு. மாவு! நொய் என்று கதையில் எங்கே வருகிறது? போகட்டும், கேழ்வரகுதான் எங்கே வருகிறது? கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி எங்கே போச்சு?

படவேட்டம்மன் துணை:
அம்மன் கதையைக் கேலி பேசுகிறவரோடு எனக்குப் பேச்சில்லை. ஆடி மாசம், நாக்கை அடக்குங்கள்.

தோட்டத்துக்காரன்:
கேலி கதையை அல்ல, உங்கள் வாதத்தை.

பேரணாம்பட்டு அக்கா:
எங்கள் வீட்டு நோன்புக் கஞ்சிக்கும் நொய்தான். பாசிப்பருப்பு, வெந்தயம், தேங்காய்ப்பால் எல்லாம் சேரும். நொய் குழைந்தால்தான் கஞ்சி. பக்கத்து வீட்டு அம்மா ஆடி வெள்ளிக்குத் தூக்குவாளியில் கூழ் கொடுத்தனுப்புவார். 2012, 2013-இல் ரம்ஜானும் ஆடியும் ஒன்றாக வந்தன. அவர் காலையிலேயே ஒரு பாத்திரத்தில் எடுத்து வைத்திருந்து நோன்பு திறக்கிற நேரத்துக்கு அனுப்புவார். பேரீச்சம்பழம் வாயில் போட்டு, அடுத்து அந்தக் கூழ்தான். பகல் முழுக்கக் காய்ந்த வயிற்றுக்கு அப்படி இதமாக இருக்கும். அவர் கூழில் நொய் இருந்ததா என்று நான் யோசித்ததே இல்லை.

பாலாற்றங்கரை:
இருந்திருக்கும் அக்கா. இதமாக இருந்தது என்கிறீர்களே, அதுவே நொய்தான். எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இஸ்லாமியர் வீட்டுக் கஞ்சியிலும் நொய், அம்மன் கோயில் அண்டாவிலும் நொய். இந்த ஜில்லாவில் நொய் இல்லாத ஒரே வீடு தோட்டத்துக்காரர் வீடு.

தோட்டத்துக்காரன்:
அக்கா சொன்னது 'யோசித்ததே இல்லை'. நீங்கள் படித்தது 'இருந்தது'. இப்படித்தான் போன வருஷம் ஆம்பூர் பிரியாணித் தகராறிலும் செய்தீர்கள். நான் சீரகச் சம்பா என்று எழுத, நான் பாசுமதி என்று சொன்னதாக ஊரெல்லாம் பரப்பினீர்கள்.

பாலாற்றங்கரை:
பழசைக் கிளறாதீர்கள். அன்றைக்கு நீங்கள் பாசுமதி என்றுதான் எழுதினீர்கள், பிறகு திருத்தினீர்கள். பார்த்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

சிறுதானிய நண்பன்:
100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. ஐ.நா. சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டு என்றே அறிவித்தது. அதில் போய் அரிசியைக் கலந்து கெடுப்பது ஏன்? சர்க்கரை உள்ளவர்களையும் யோசியுங்கள்.

பாலாற்றங்கரை:
வந்துவிட்டார் டாக்டர். திருவிழாக் கூழைக் குடிப்பது வருஷத்தில் நாலைந்து நாள். அதற்கு ரத்தப் பரிசோதனை எடுத்துவிட்டு வரிசையில் நிற்க வேண்டுமா? கேழ்வரகுக்குத் தானாகப் பிணைகிற குணம் குறைவு, கோதுமை மாதிரி பசை கிடையாது. குழைந்த நொய்யின் கஞ்சிதான் அதைச் சேர்த்துப் பிடிக்கிறது. நொய் இல்லாமல் கரைத்துப் பாருங்கள், மாவு அடியில் போய் உட்காரும், மேலே மோர் மிதக்கும்.

சிறுதானிய நண்பன்:
எங்கள் வீட்டில் அடியில் உட்காருவதில்லை. சரியாகக் கிளறினால் உட்காராது. கிளறச் சோம்பல் என்றால் அதை நேராகச் சொல்லுங்கள்.

அணைக்கட்டு வாலிபன்:
நொய் நொய் என்று நொய்நொய்க்கிறீர்களே, தொட்டுக்கொள்வதைப் பற்றி யாராவது பேசினீர்களா? கூழுக்குக் கருவாட்டுக் குழம்பு. அதில் மொச்சையும் எங்கள் இலவம்பாடி முள்ளுக் கத்தரியும். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கின காய். காம்பில் முள் குத்தும், உள்ளே வெண்ணெய். பறித்த அன்றே குழம்பில் போட வேண்டும். மார்க்கெட்டில் பளபளவென்று இருப்பதை வாங்கிப் போட்டுவிட்டு ருசி இல்லை என்று புலம்பக் கூடாது.

படவேட்டம்மன் துணை:
அம்மன் படையல் பேச்சில் கருவாடா?

அணைக்கட்டு வாலிபன்:
ஐயா, எங்கள் தெருவில் சாயங்காலம் கும்பம் போடும்போது அம்மனுக்கு முன்னாலேயே சோறும் கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும்தான் குவிக்கிறோம். உங்கள் வீட்டில் வேண்டாம் என்றால் வைக்காதீர்கள். எங்கள் அம்மன் எங்களிடம் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள்.

படவேட்டம்மன் துணை:
பேச்சில்லை என்று சொன்னேன். இப்போது உங்களோடும் பேச்சில்லை.

பேரணாம்பட்டு அக்கா:
அந்தக் கத்தரிக்காய் எங்கள் பக்கம் எங்கே கிடைக்கும் தம்பி?

பாலாற்றங்கரை:
கத்தரிக்காய்க்குத் தனி இழை திறந்துகொள்ளுங்கள். இது நொய்க்கான இடம். தோட்டத்துக்காரர் இன்னும் பதில் சொல்லவில்லை. கடைக்காரர்கள் கண்டுபிடித்தது என்றாரே, எந்தக் கடைக்காரர்? எந்த ஊர்? எந்த வருஷம்? தள்ளுவண்டியில் கூழ் விற்பவரும் நொய் போடுகிறார் என்றால் வீட்டைப் பார்த்துப் போடுகிறார். வீடு வண்டியைப் பார்த்துப் போடவில்லை.

தோட்டத்துக்காரன்:
அதே கேள்வி உங்களுக்கும். எந்த வீடு, எந்த வருஷம்? மில் வந்த பிறகு நொய் மலிந்தது, ரேஷன் அரிசி வந்த பிறகு இன்னும் மலிந்தது. அதற்கு முன்னால் கல் இயந்திரத்தில் கேழ்வரகு திரித்த வீட்டில் என்ன இருந்தது என்று கேட்கிறேன். 'அந்தக் காலத்திலிருந்தே' என்கிறீர்களே தவிர எந்தக் காலம் என்று சொல்ல மாட்டேன் என்கிறீர்கள். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. ஏழை வீட்டுக் கூழ் என்றும் பெருமை வேண்டும், அரிசியும் வேண்டும்.

பாலாற்றங்கரை:
எங்கள் தெருவில் ஆடியில் வீடு வீடாகப் போய் வசூல் செய்கிறோம். ஒரு முறத்தில் கேழ்வரகு, ஒரு முறத்தில் நொய். கொடுப்பவர்களில் சர்ச்சுக்குப் போகிறவர்களும் உண்டு. அவர்கள் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு நாங்கள் பூசணி கொடுப்போம், எங்கள் அண்டாவுக்கு அவர்கள் நொய் கொடுப்பார்கள். அந்த முறத்தை வந்து பாருங்கள், பிறகு எழுதுங்கள். நொய் நொய்தான்.

மட்டுறுத்துநர்:
ஆள் மேல் தாக்குதல் வேண்டாம். பிரியாணி பற்றிய பதிவுகள் நீக்கப்படும்.

தோட்டத்துக்காரன்:
நீக்குவதற்கு முன்னால் நான் படம் எடுத்து வைத்துவிட்டேன்.

புதுப் பெண்டாட்டி:
எல்லோருக்கும் வணக்கம். வரும் வெள்ளிக்கிழமை முதல் முறையாக வீட்டில் கூழ் செய்யப் போகிறேன், மாமியார் ஊரில் இல்லை. ஒரு டம்ளர் கேழ்வரகு மாவுக்கு நொய் எவ்வளவு போட வேண்டும்?

பாலாற்றங்கரை:
கால் டம்ளர் போதும் அம்மா. கழுவி, ஐந்து மடங்கு தண்ணீரில் வேகவிடு.

ஆரணிப்பட்டு:
காலா? அண்ணே, என்ன இது? அரை டம்ளராவது போட வேண்டாமா?

பாலாற்றங்கரை:
அரை போட்டால் அது கஞ்சி. தம்பி, நீ சும்மா இரு.

ஆரணிப்பட்டு:
மில்காரனுக்கே நொய் அளவு சொல்லித் தருகிறீர்களா?

தோட்டத்துக்காரன்:
பெண்ணே, ஒன்றும் போடாதே. மாவை மட்டும் கரைத்துக் கிளறு.