புதுப்பிப்பு: முதியோர் குடியிருப்பில் அறையை விட்டு வெளியே வராத அப்பா

கோவையில் முதியோர் குடியிருப்புக்குக் குடிவந்த அப்பா யாரோடும் பேசாமல் இருக்கிறார், என்ன செய்வது என்று ஆகஸ்டில் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

பஜனை, யோகா, கேரம் மூன்றும் சரிவரவில்லை. கூப்பிட்டால் வருவார், பத்து நிமிடத்தில் எழுந்துவிடுவார். "நிகழ்ச்சிக்குக் கூப்பிடாதீர்கள், அவருக்குத் தெரிந்த வேலையைக் கொடுங்கள்" என்று ஒருவர் சொன்னதுதான் பலித்தது.

அப்பா தபால்துறையில் வேலை பார்த்தவர். குடியிருப்பில் ஓய்வூதியர்கள் நிறைய. மத்திய அரசு ஓய்வூதியர்கள் உயிரோடு இருப்பதைக் காட்டும் வாழ்நாள் சான்றிதழை நவம்பரில் கொடுக்க வேண்டும். அவர்களில் 80 வயது ஆனவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். மற்றவர்களுக்கு அப்பாவே அதைச் செய்து கொடுக்கட்டும் என்று, சான்றிதழைப் போனிலேயே கொடுக்க உதவும் ஜீவன் பிரமாண் செயலியையும், முகத்தைப் படமெடுத்துச் சரிபார்க்கும் ஆதார் முக அடையாளச் செயலியையும் அவர் போனில் ஏற்றிக் கொடுத்தேன். ஒரே போனில் பலருக்கும் செய்ய முடிகிறது. ஆதார் எண், ஓய்வூதிய ஆணை எண், வங்கிக் கணக்கு எண், ஓடிபி வர ஒரு மொபைல், இவ்வளவுதான். முகத்தில் நல்ல வெளிச்சம் விழ வேண்டும். ரேகை தேய்ந்து கைரேகைக் கருவியில் தடுமாறியவர்களுக்கும் இது நடந்தது.

எதிர்பாராதது ஒன்று: மதியத் தூக்க நேரத்திலும் கதவைத் தட்டத் தொடங்கினார்கள், அப்பா களைத்துப்போனார். அப்புறம் காலை 10 முதல் 11.30 வரை, நூலக மேசையில் மட்டும் என்று வைத்தோம். நேரம் குறிக்காமல் தொடங்காதீர்கள்.

நவம்பர் முடிந்த பிறகும் அப்பா அதே நேரத்துக்கு அந்த மேசைக்குப் போகிறார். இப்போது மின்கட்டணம் கட்டச் சொல்லிக் கொடுக்கிறார்.