வர்க்கம்தான் எல்லாம் என்றால் மேற்கு வர்ஜீனியாவுக்கு என்ன பதில்?

ஊசிப்பட்டாசு:
தேர்தல் திரியில் நேற்று கொலம்பஸ் கணேசன் போகிற போக்கில் ஒன்றை எழுதிவிட்டுப் போனார். அமெரிக்கக் கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலான பிரைமரியில் நிறம் என்பதெல்லாம் டிவிக்காரர்கள் கட்டிவிட்ட கதையாம், தொழிலாளிக்கு வயிறுதான் முக்கியமாம், 2008-ல் வெள்ளைத் தொழிலாளிகள் ஒபாமாவைக் கைவிட்டது அவர் வாத்தியார் மாதிரி பேசியதால்தானாம். அதற்குக் கீழே நாலு பேர் 'அருமை அண்ணே' வேறு. படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறேன். 2008 மே 13, நிலக்கரிச் சுரங்க மாநிலமான மேற்கு வர்ஜீனியா, ஜனநாயகக் கட்சி பிரைமரி. ஹிலாரி கிளின்டன் 67 சதவீதம், ஒபாமா 26. ஜனவரியிலேயே போட்டியிலிருந்து கடையைக் கட்டிக்கொண்டு போன ஜான் எட்வர்ட்ஸுக்குக்கூட 7 சதவீதம் போட்டார்கள். அதே ஹிலாரி 2016-ல் அதே மாநிலத்தில் பெர்னி சாண்டர்ஸ் என்ற வெள்ளைக்காரரிடம் தோற்றார், அவருக்கு 51, இவருக்கு 36. எட்டு வருஷத்தில் வயிறு மாறிவிட்டதா, எதிரே நின்றவரின் நிறம் மாறிவிட்டதா?

கொலம்பஸ் கணேசன்:
தம்பி, கூகுளில் எண் பொறுக்குவது வேறு, அந்த மண்ணில் இருப்பது வேறு. நான் ஒஹையோவில் 11 வருஷம் குப்பை கொட்டியவன். 2016-ல் ஹிலாரி ஏன் தோற்றார் என்று அங்கே பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும். அந்த மார்ச்சில் எங்கள் கொலம்பஸில் நடந்த சிஎன்என் நிகழ்ச்சியில், நிலக்கரிக்காரர்கள் நிறையப் பேரின் பிழைப்பை முடித்துவிடப் போகிறோம் என்கிற மாதிரி வாயை விட்டார். முன்னும் பின்னும் சேர்த்துப் படித்தால் அந்த மக்களைக் கைவிடக் கூடாது என்றுதான் சொல்ல வந்தார், ஆனால் சுரங்க ஊரில் யார் முன்னும் பின்னும் படிக்கிறார்கள்? அது சோற்றுப் பிரச்சினை ஐயா. நிறம் எங்கே வந்தது?

அப்புறம், 2008-ல் எல்லா மாநிலத்துக்கும் முன்னால் ஓட்டுப் போட்ட ஐயோவா. அப்போது அங்கே பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வெள்ளைக்காரர்கள். 2008 ஜனவரி 3-ல் அங்கே முதலில் வந்தது யார்? ஒபாமா, கிட்டத்தட்ட 38. ஹிலாரி மூன்றாவது இடம். விஸ்கான்சின்? அதுவும் ஒபாமா, 58. அங்கே வெள்ளைத் தொழிலாளி இல்லையா?

பழையசோறு:
நடுவில் ஒரு சந்தேகம். நீங்கள் இருவரும் 'தொழிலாளி' என்று யாரைச் சொல்கிறீர்கள்? அமெரிக்கக் கணிப்புகளில் பாதி, கல்லூரிப் பட்டம் இல்லாதவரைத் தொழிலாளி வர்க்கம் என்கின்றன, மீதி வருமானத்தை வைத்துச் சொல்கின்றன. பட்டம் இல்லாமல் நாலு லாரி வைத்து ஓட்டுகிற முதலாளியும் முதல் கணக்கில் தொழிலாளிதான். இதை முதலில் முடிவு செய்துகொண்டு சண்டை போட்டால் தேவலை.

ஊசிப்பட்டாசு:
கணேசன் சார், நான் மேற்கு வர்ஜீனியாவைக் கேட்டால் நீங்கள் ஐயோவாவுக்கு பஸ் ஏறுகிறீர்கள். 67. அதற்குப் பதில் வரவில்லை.

அன்று ஓட்டுப் போட்டு வெளியே வந்தவர்களிடம் எடுத்த கணிப்பில் வெள்ளையரில் ஐந்தில் ஒருவர், ஆமாம், இனத்தையும் பார்த்துத்தான் போட்டேன் என்று வாய்விட்டுச் சொன்னார். அவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஹிலாரிக்குப் போட்டவர்கள். முன்பின் தெரியாத ஆளிடம் படிவத்தில் ஒப்புக்கொண்டவர்களே இத்தனை பேர் என்றால், ஒப்புக்கொள்ளாதவர்களை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

கொலம்பஸ் கணேசன்:
ஐந்தில் ஒருவர் போக மீதி நாலு பேர்? கூட்டிக் கழித்துப் பாருங்கள், அவர்களிடமும் ஹிலாரிதான் ஜெயித்தார். அந்த நாலு பேரையும் இனவெறியர் என்று எழுத உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

ஒன்று சொல்கிறேன். 2008 ஏப்ரலில் மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் ஊர்ப் பக்கம் போனேன், கொலம்பஸிலிருந்து ஐ-70 நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம். பெட்ரோல் போட நின்ற இடத்தில் ஒரு பெரியவர் காப்பி வாங்க வந்தார். பேன்ட்டில் மின்னுகிற பட்டை தைத்த சுரங்க உடுப்பு. விரல் முட்டிக் கோடுகளில் கரி ஏறி, எத்தனை சோப்பு போட்டாலும் போகாத மாதிரி இருந்தது. சில்லறை எண்ணும்போது கை நடுங்கியது. யாருக்கு ஓட்டு என்று பேச்சு வந்தபோது, பில் கிளின்டன் காலத்தில் மகனுக்கு ஓவர்டைம் கிடைத்தது என்றுதான் சொன்னார். ஒபாமா பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அந்த மனிதரையா நீங்கள் கேலி செய்கிறீர்கள்?

ஊசிப்பட்டாசு:
வந்துவிட்டார் பெட்ரோல் பங்க் பெரியவர்! கணேசன் சார் எழுதும் ஒவ்வொரு விவாதத்திலும் ஒருவர் காப்பி வாங்க வருவார். போன தடவை மருத்துவக் காப்பீட்டுத் திரியில் டாக்ஸி டிரைவர். ஏசி அறையில் உட்கார்ந்து ஜாவாவில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதியவருக்கு எத்தனை பாட்டாளி நண்பர்கள்!

67, சார்.

அரைக்கிணறு:
ஊசி அண்ணன் ஒரு பக்கத்தை மட்டும் சொல்கிறார். 2008-ல் வர்ஜீனியாவில் ஒபாமா 64 சதவீதம் வாங்கி ஜெயித்தாரே, ஹிலாரிக்கு 35தான். அதே ஜனங்கள்தானே?

ஊசிப்பட்டாசு:
தம்பி, அது வர்ஜீனியா. நாங்கள் பேசுவது மேற்கு வர்ஜீனியா. 1863-லேயே பாகம் பிரித்துக்கொண்டு தனி மாநிலமாகப் போயாச்சு. 160 வருஷம் லேட்டாக வந்திருக்கிறீர்கள், உட்காருங்கள், தண்ணி குடியுங்கள்.

அரைக்கிணறு:
அவசரத்தில் எழுதிவிட்டேன், சரி. அதற்கு இவ்வளவு நக்கல் வேண்டாம். டிரம்புக்குக் குடியரசுக் கட்சி சீட்டே கிடைக்காது என்று 2016-ல் இங்கே பந்தயம் கட்டியவர் நீங்கள்தானே? தோற்றவர் பிரியாணி வாங்கித் தர வேண்டும் என்று பேச்சு. இன்னும் வரவில்லை.

ஊசிப்பட்டாசு:
பிரியாணியை மேற்கு வர்ஜீனியாவில் வைத்துத் தருகிறேன், வழி தெரியுமா?

கொலம்பஸ் கணேசன்:
நிறம், நிறம் என்கிறாரே, நான் ஒன்று கேட்கிறேன். சவுத் கரோலினாவில் 2008 ஜனவரியில் கறுப்பினத்தவரில் 78 சதவீதம் பேர் ஒபாமாவுக்குப் போட்டார்கள். அது மட்டும் கொள்கை ஓட்டு, வெள்ளைக்காரன் போட்டால் வெறி ஓட்டா?

ஊசிப்பட்டாசு:
இதைத்தான் எதிர்பார்த்தேன். 2007 முழுக்கக் கறுப்பினத் தலைவர்களில் பலர் ஹிலாரி பக்கம்தான் இருந்தார்கள். 1965-ல் கறுப்பினத்தவரின் ஓட்டுரிமைக்காகச் செல்மா பாலத்தில் போலீஸிடம் அடி வாங்கிய ஜான் லூயிஸே 2008 பிப்ரவரியில்தான் ஒபாமாவுக்கு மாறினார். ஐயோவாவில் வெள்ளைக்காரர்கள் போட்ட பிறகுதான், இந்த ஆள் ஜெயிப்பான் என்று நம்பிக்கை வந்து ஓட்டு மொத்தமாகத் திரும்பியது. 2020-ஐப் பாருங்கள். கறுப்பின வேட்பாளர்களான கமலா ஹாரிஸ், கோரி புக்கர் இருவருமே ஐயோவா வரைக்கும்கூட தாக்குப்பிடிக்கவில்லை. சவுத் கரோலினாவில் அந்த மாநிலத்தின் கறுப்பின எம்.பி. ஜிம் கிளைபர்ன் கை காட்டினார், கறுப்பின ஓட்டு பைடனுக்கு விழுந்தது, அதற்கு முன் தோற்றுக்கொண்டே வந்த மனிதர் 48 சதவீதத்துக்கு மேல் வாங்கி எழுந்து உட்கார்ந்தார். சொந்த நிறத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற கூட்டம் செய்கிற வேலையா இது? யார் ஜெயிப்பார், யாரால் நமக்கு ஆபத்து இல்லை என்று எடை போட்டுப் போடுகிறார்கள்.

கொலம்பஸ் கணேசன்:
ஆக, கறுப்பினத்தவர் நிறம் பார்த்துப் போடவில்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். நன்றி. அதைத்தான் நான் நேற்றிலிருந்து சொல்கிறேன்.

ஊசிப்பட்டாசு:
அடேயப்பா, இப்படியும் படிக்கலாமா! நான் கேட்டது மேற்கு வர்ஜீனியாவின் வெள்ளைக்காரர் பற்றி.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2012-ல் அதே மாநிலத்தில், பதவியில் இருக்கிற ஜனாதிபதி ஒபாமாவை எதிர்த்து பிரைமரியில் நின்றவர் டெக்சாஸ் சிறையில் கம்பி எண்ணிக்கொண்டிருந்த ஒரு கைதி. அவருக்கு 41 சதவீதம்! ஜெயிலில் இருக்கிறவர் எந்தத் தொழிலாளிக்கு ஓவர்டைம் வாங்கித் தந்தார்?

கொலம்பஸ் கணேசன்:
அது ஒபாமா அரசின் சுற்றுச்சூழல் விதிகள் மேல் இருந்த கோபம். நிலக்கரி. எத்தனை தடவை சொல்வது? கைதி யார் என்றே பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது, ஒபாமா இல்லாத இன்னொரு பெயர், அவ்வளவுதான்.

ஊசிப்பட்டாசு:
2008-ல் ஒபாமா எந்தச் சுரங்கத்தை மூடினார்? அப்போது அவர் வெறும் செனட்டர், அதுவும் நிலக்கரி வெட்டுகிற இல்லினாய்ஸுக்கு. ஒரு விதிகூடப் போடவில்லை. ஆனாலும் 67.

பழையசோறு:
என் கேள்வி அப்படியே கிடக்கிறது. பட்டமா, வருமானமா?

அரைக்கிணறு:
பழையசோறு அண்ணே, இங்கே யாரும் உங்களைப் பார்க்கவில்லை. நானாவது பிரியாணிக்காக நிற்கிறேன்.

கொலம்பஸ் கணேசன்:
இன்னொரு விஷயம், ஒபாமா சீட்டு வாங்கியது நிறத்தாலும் இல்லை, வர்க்கத்தாலும் இல்லை, வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளான டெலிகேட்களை ஓட்டு விகிதப்படி பங்கிடும் விதிமுறையால். ஐடஹோ என்கிற சின்ன மாநிலத்தின் காகஸில், அதாவது கட்சிக்காரர்கள் நேரில் கூடி ஆதரவு காட்டும் கூட்டத்தில், அவர் 12 டெலிகேட் முன்னிலை எடுத்தார். நியூஜெர்சி மாதிரி பெரிய மாநிலத்தை ஜெயித்தும் ஹிலாரிக்குக் கிடைத்தது 11 முன்னிலை. இதைப் பற்றிப் பேச இங்கே ஒருவருக்கும் துப்பில்லை.

ஊசிப்பட்டாசு:
ஐயோவா முடிந்து, விஸ்கான்சின் முடிந்து, இப்போது ஐடஹோ. மேற்கு வர்ஜீனியாவைத் தவிர எல்லா மாநிலமும் சுற்றிக் காட்டுகிறார்.

கொலம்பஸ் கணேசன்:
வேலைக்கு நேரமாகிவிட்டது. ராத்திரி வந்து கென்டக்கி, பென்சில்வேனியா கணக்கு எல்லாம் வைத்து விரிவாக எழுதுகிறேன். அப்போது தெரியும்.

ஊசிப்பட்டாசு:
காப்பீட்டுத் திரியிலும் இதே 'ராத்திரி'தான் சொன்னீர்கள். அந்த டாக்ஸி டிரைவர் இன்னும் மீட்டரைப் போட்டுக்கொண்டு காத்திருக்கிறார்.

அரைக்கிணறு:
மட்டனா சிக்கனா, அதையாவது இப்போதே சொல்லிவிடுங்கள்.