கொங்குச் சமவெளியில் குளிர் இறங்கும் இரவுகள்: அனுபவப் பகிர்வு

பல்லடத்திலிருந்து

வானம் வெளிவாங்கி, கிழக்கத்திக் காற்றும் அடங்கிய பிறகு, கடந்த சில இரவுகளாகப் பல்லடம், காங்கேயம் பக்கத்துத் தோட்டங்களில் இறங்கும் குளிர், கோவை நகரத்துக்குச் சொல்லப்படும் அளவோடு பொருந்தவில்லை என்பதைப் பலரும் கவனித்திருப்பீர்கள். நகரத்தில் 18 டிகிரி என்று செய்தி வரும் விடியலில், கொறங்காட்டு (வேலியடைத்த மானாவாரி மேய்ச்சல் நிலம்) ஓரத்தில், காற்றுப் புகும் மரச்சட்டப் பெட்டிக்குள் நான் வைத்திருக்கும் வெப்பமானி அதைவிட மூன்று நான்கு டிகிரி குறைவாகக் காட்டுகிறது. இந்த வேறுபாட்டைப் பற்றியும், முந்தைய கடுங்குளிர்க் காலங்களைப் பற்றியும் அவரவர் கண்டதைப் பகிர வேண்டும் என்பதற்காகவே இதைத் தொடங்குகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வரையறைப்படி, சமவெளியில் குளிர் அலை என்று சொல்வதற்குக் குறைந்தபட்ச வெப்பநிலை 10 டிகிரிக்கோ அதற்குக் கீழோ வர வேண்டும். கோவையில் பதிவானவற்றுள் மிகக் குறைந்தது 1912 ஜனவரியில் வந்த 12.2 டிகிரிதான். ஆகவே நம் சமவெளிக்கு ஏட்டளவில் குளிர் அலை என்பதே கிடையாது. ஆனால் ஏட்டில் இல்லை என்பதற்காகக் குளிர் நம் கால்நடைகளையும் பயிரையும் விட்டுவிடுவதில்லை. வடக்கே இமயத்தில் பனி கொட்டினால் அது நேராக இங்கே வந்து இறங்குகிறது என்று பலர் நம்புகிறார்கள். அங்கிருந்து புறப்படும் காற்று தக்காணத்தைக் கடந்து வருவதற்குள் பெரும்பாலும் சூடேறிவிடுகிறது. அது நமக்குக் கொண்டுவந்து சேர்ப்பது குளிரைவிட வறட்சியைத்தான். காற்றில் ஈரம் இல்லாமல், வானில் மேகம் இல்லாமல், காற்றும் அசையாமல் இருக்கும் இரவில், பகலில் வாங்கிய வெப்பத்தை நிலம் தடையின்றி வானத்துக்கு விட்டுவிடுகிறது. நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகித் தாழ்வான இடங்களில் தேங்குகிறது. நம் ஊர்க் குளிர் பெரும்பகுதி நம் மண்ணிலேயே உண்டாவது என்பது என் உறுதியான எண்ணம்.

கறிக்கோழிப் பண்ணை வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. ஒரு நாள் வயதுக் குஞ்சு வந்து இறங்கும் முதல் வாரத்தில், குஞ்சுகளுக்குச் சூடு தரும் விளக்கு அமைப்பான புரூடருக்கு அடியில் 32 முதல் 35 டிகிரி வரை சூடு வேண்டும். விடியற்காலை நான்கு மணிக்குக் கொட்டகைக்குள் நுழைந்தவுடன் நான் பார்ப்பது குஞ்சுகள் படுத்திருக்கும் விதத்தைத்தான். குஞ்சுகளைச் சுற்றித் தடுப்பாக நிறுத்திய தகட்டு வட்டம் முழுவதும் பரவிப் படுத்திருந்தால் சூடு சரியாக இருக்கிறது. ஓரமாக ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். விளக்குக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்து, ஓயாமல் கீச்சிட்டுக்கொண்டிருந்தால் குளிர் உள்ளே வந்துவிட்டது என்று பொருள். உடனே கலைத்துவிடாவிட்டால் அடியில் சிக்கியவை மூச்சடைத்துச் செத்துவிடும். அதற்குப் பயந்து படுதாவை முழுவதும் இழுத்து மூடினால், நார்த்தூள் விரிப்பிலிருந்து எழும் அம்மோனியா வெளியேற வழியில்லாமல் வளரும் கோழிக்கு மூச்சுக் கோளாறும் வயிற்றில் நீர் கோப்பதும் வரும். மேற்புறம் ஒரு முழம் திறந்துவைத்துக் கீழ்ப்புறத்தைச் சாக்கால் மறைப்பதே எங்கள் பக்கத்து வழக்கம்.

எமரால்டிலிருந்து

பல்லடத்து அண்ணன் சொன்ன "தேங்கும் குளிர்" மலைமேல் இருக்கும் எங்களுக்குக் கண்ணால் காணும் காட்சி. நீலகிரியில் உயரமான இடத்தில்தான் உறைபனி அதிகம் என்று சமவெளியிலிருந்து வருபவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவின் சரிவு தப்பித்துவிடும் விடியலில், அதற்கு வெகுவாகக் கீழே இருக்கும் காந்தல், தலைகுந்தா போன்ற பள்ளங்களில் புல்வெளி முழுக்க வெள்ளையாக இருக்கும். பெட்டிக்குள் வைத்த வெப்பமானி 3 டிகிரி காட்டும்போதே புல்லின் நுனி உறைந்திருப்பதையும் நாங்கள் பார்க்கிறோம், ஏனென்றால் மண்ணை ஒட்டிய காற்று அதற்கு மேலிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்தது.

நவம்பரில் முதலில் நீர்ப்பனி விழும். அது பயிருக்குப் பெரிய தொல்லை தராது. அதன் பிறகு ஜனவரி, பிப்ரவரி வரை வருகிற உறைபனிதான் தேயிலையைத் தாக்குகிறது. கொழுந்தின் உள்ளிருக்கும் நீர் உறைந்து திசு கிழிந்துவிடுவதால், வெயில் ஏறியவுடன் அது பழுப்பாகி, இரண்டொரு நாளில் தீயில் வாட்டியதுபோல் நொறுங்கிவிடும். தோட்டத்துக்காரர்கள் செடியின்மேல் தழைகளைப் பரப்புவார்கள். தண்ணீர் வசதி உள்ளவர்கள் வெயில் படுவதற்கு முன்பே தெளிப்பானைத் திறந்துவிட்டு இலைமேல் படிந்த பனியைக் கழுவிவிடுவார்கள். சிறு விவசாயிக்கு இரண்டுமே செலவுதான்.

எங்கள் நினைவில் அழுத்தமாக நிற்பது 2019 ஜனவரி. அந்த மாதத் தொடக்கத்தில் பாபுக் புயல் தென்சீனக் கடலைத் தாண்டி அந்தமான் கடலுக்கு வந்தது. நமக்கோ மேகமற்ற வறண்ட இரவுகள் வரிசையாகக் கிடைத்தன. மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கம் மூணாறு வட்டாரத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிப் பரந்த பரப்பில் தேயிலை கருகியது. எங்கள் பகுதியிலும் பள்ளத்துத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பு வாரக்கணக்கில் நின்றுபோனது. ஒரே ஒரு நாள் விழும் உறைபனியை தேயிலை தாங்கிக்கொள்ளும். விடாமல் விழுந்தால்தான் செடி மீள நாளாகிறது.

பொள்ளாச்சியிலிருந்து

காற்றைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். பாலக்காட்டுக் கணவாய் வாயில் இருக்கும் எங்களுக்கு மார்கழி, தை இரவுகளில் கிழக்குக் காற்று ஓயாமல் அடிக்கும். உடம்புக்குக் கூதல் மிகுதியாகத் தெரியும். வண்டியில் போனால் காதடைக்கும். ஆனால் வெப்பமானி அவ்வளவு இறங்காது. ஓடும் காற்று மேலடுக்கின் வெதுவெதுப்பைக் கீழே கலந்துகொண்டே இருப்பதால் நிலத்தை ஒட்டிக் குளிர் தேங்க வழியில்லை. தென்னந்தோப்புக்குள் காற்று அடங்கிய இரவுகளில்தான் அளவு சட்டென்று குறைகிறது. ஆகவே உடம்பு உணரும் குளிரையும் வெப்பமானி காட்டும் குளிரையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கோபியிலிருந்து

நான் வெண்பட்டு வளர்ப்பவள். கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்துக்கும், வாய்க்கால் தண்ணீர் எட்டாத என் தம்பியின் மேட்டுக்காட்டுக்கும் இடையே நாலைந்து கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனால் ஒரே விடியலில் இரண்டு இடத்துக் குளிரும் வேறு. ஈர மண் பகலின் வெப்பத்தை எளிதில் விட்டுவிடாது. காற்றில் இருக்கும் ஈரம் பனியாகப் படியும்போது வெளிவிடும் வெப்பமும் அளவை மேலும் இறங்கவிடாமல் தாங்குகிறது. அதனால் எங்களுக்கு அவ்வளவு குளிராது. மாறாக, வயலின்மேல் மூடுபனி நின்றுவிடும்.

அந்த மூடுபனிதான் எங்கள் தொழிலுக்குச் சிக்கல். மல்பெரி இலையில் நீர் கோத்திருக்கும்போது பறித்துப் போட்டால் புழுவுக்கு நோய் வரும். ஈரம் உலரும் வரை காத்திருந்தால் காலை உணவு தாமதமாகும். புழுவுக்கு 24 முதல் 28 டிகிரி வரை சூடு வேண்டும். அதற்குக் கீழே போனால் இலையைத் தின்னும் வேகம் குறைந்து, தோல் உரிக்கும் நாள் தள்ளிப்போகும். ஐந்தாம் பருவத்தில் இருக்கும் புழுக்கள் இலை தின்னும்போது புழு வளர்ப்பு மனையே மழை பெய்வதுபோல் இரையும். அந்த இரைச்சல் தணிந்தால், வெப்பமானியைப் பார்க்காமலேயே மனைக்குள் குளிர் ஏறிவிட்டதைச் சொல்லிவிடலாம். நாங்கள் ஹீட்டர் வைக்கிறோம். கூடவே அகன்ற பாத்திரத்தில் தண்ணீரும் வைக்க வேண்டும், இல்லையென்றால் ஈரப்பதம் குறைந்து இலை வாடிவிடும்.

தாளவாடியிலிருந்து

திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே வந்துவிட்டால் காலநிலை மைசூர்ப் பக்கத்தோடு சேர்ந்துவிடுகிறது. சத்தியமங்கலத்தில் மெல்லிய போர்வை போதுமென்றிருக்கும் அதே இரவில் எங்களுக்குக் கம்பளியும் கணப்பும் வேண்டியிருக்கிறது. ஆனால் இங்கேயும் ஓடைப் பள்ளத்து நிலத்தில்தான் குளிர் அதிகம். மேட்டில் வீடு கட்டியவர்களுக்குக் குறைவு.

காங்கேயத்திலிருந்து

எனக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. எங்கள் அப்பாரு காலத்திலிருந்து கொறங்காட்டில் மாடு மேய்த்து வளர்ந்தவன். தம்பிகள் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். என் அனுபவத்தில் கடுங்குளிர் தனியாக வந்ததில்லை, வறட்சியோடுதான் வந்திருக்கிறது. 2016ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்த பகுதியாக அரசு அறிவித்தது. அந்தத் தை மாதத்து இரவுகளை நான் மறக்கமாட்டேன். கொழுக்கட்டைப் புல் வேரோடு காய்ந்து, மண் வெறுமையாகக் கிடந்தது. மூடாக்கு இல்லாத மண்ணில் பகலில் கால் வைக்க முடியாத சூடு, பொழுது சாய்ந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் இல்லாமல் போனது. கிளுவை வேலியில் பனித்துளிகூட இல்லை, அவ்வளவு வறண்ட காற்று.

வயிறு நிறையத் தீவனம் இருக்கும் மாடு குளிரைத் தாங்கும். அசைபோடுவதே அதற்குக் கணப்பு. அந்த ஆண்டு வைக்கோல் விலைக்கும் கிடைக்காமல், பனை ஓலையையும் வேப்பந்தழையையும் போட்டு ஓட்டிய நிலையில், கட்டுத்தரையில் கட்டியிருந்த கிழட்டு மாடுகள் விடியலில் முதுகு கூனி, மயிர் சிலிர்த்து, எழ முடியாமல் கிடந்தன. எழுந்தவற்றை வெயில் படும் சுவரோரம் கொண்டுபோய் நிறுத்தினோம். சில எழவே இல்லை. எங்கள் பகுதியில் பலர் காங்கேயம் காளைக் கன்றுகளை அடிமாட்டு விலைக்கு விற்றது அந்தப் பருவத்தில்தான். அது வெயிலால் வந்த இழப்பு என்று எல்லோரும் எழுதினார்கள். குளிருக்கும் அதில் பங்கு உண்டு என்பதை யாரும் எழுதவில்லை என்பது இன்றுவரை எனக்கு மனவருத்தம்.

பல்லடத்திலிருந்து

ஐயா எழுதியதைப் படித்த பிறகு, இதை வெறும் ஆர்வத்துக்காகப் பேசிக்கொண்டிருக்க முடியாது என்று தோன்றுகிறது. "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று பெரியவர்கள் சொல்லிவைத்ததற்கும் இவ்வளவு நேரம் பேசியதற்கும் தொடர்பு இருக்கிறது. மார்கழி முன்பாதி வரை மழையின் ஈரம் மண்ணில் நிற்கிறது, மேகமும் அவ்வப்போது வந்துபோகிறது. தையிலும் மாசியிலும் மண் காய்ந்து, வானம் துடைத்துவிட்டாற்போல் ஆகிவிடுவதால், பகல் 32, 33 டிகிரியைத் தொட்ட அதே நாளில் விடியல் நடுக்குகிறது. மார்கழி போனால் குளிர் போயிற்று என்று படுதாவையும் கணப்பையும் எடுத்துவைத்துவிடுவது நம் பக்கத்தில் ஆண்டுதோறும் நடக்கும் பிழை.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தானியங்கி வானிலை நிலையங்கள் வட்டாரங்கள்தோறும் இருக்கின்றன. ஆனால் ஒரே வட்டாரத்துக்குள் மேடும் பள்ளமும், பாசனமும் மானாவாரியும் இவ்வளவு வேறுபடும்போது அந்த ஒற்றை அளவு நம் கட்டுத்தரைக்குப் போதாது. ஆகவே முடிந்தவர்கள் அவரவர் தோட்டத்தில், சுவருக்கும் தகரக் கூரைக்கும் எட்டி, வானத்துக்கு நேராகத் திறந்திராத, காற்றுப் புகும் பெட்டியில், மார்பு உயரத்தில் ஒரு வெப்பமானியை வையுங்கள். குறைந்தபட்ச அளவு நள்ளிரவில் வருவதில்லை, சூரியன் எழும் நேரத்தை ஒட்டித்தான் வருகிறது. ஜனவரியில் அது நமக்கு ஆறே முக்கால் வாக்கில். எண்ணோடு கூட மேகம் இருந்ததா, காற்று அசைந்ததா, மண் ஈரமா காய்ந்ததா என்பதையும் எழுதுங்கள். காங்கேயத்து ஐயாவின் கொறங்காட்டு அளவையும் கோபி அம்மாவின் வாய்க்கால் தோட்டத்து அளவையும் மாசி முடியும் வரை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன்.