கிரவுண்ட் பாக்ஸ் மாட்டியதும் ஹம் வருகிறது, எப்படிச் சோதிப்பது?

சுழல்தட்டு:
அவசரம். புதிதாக ஒரு கிரவுண்ட் பாக்ஸ் (ஆடியோ கருவியின் கிரவுண்டோடு வயரால் இணைக்கும் பெட்டி) வாங்கி ப்ரீஆம்பில் (பவர் ஆம்புக்கு முன்னால் வரும், வால்யூம் உள்ள கருவி) மாட்டினேன். இரைச்சல் குறையும் என்றுதான் போட்டிருந்தார்கள். ஆனால் இதுவரை இல்லாத ஹம், அதாவது விடாத ரீங்காரம், இப்போது இரண்டு ஸ்பீக்கரிலும் வருகிறது. வயரிங் எல்லாம் சரி. பாக்ஸ் பழுதா என்று எப்படிப் பார்ப்பது? மல்டிமீட்டர் இருக்கிறது.

நடுநிசி ரேடியோ:
என்ன ப்ரீஆம்ப்? பவர் ஆம்ப் தனியா? எதெது இரண்டு பின், எதெது மூன்று பின்? வால்யூமைக் கூட்டினால் ஹம்மும் கூடுகிறதா? இதெல்லாம் தெரியாமல் ஜோசியம்தான் சொல்ல முடியும்.

வெள்ளிக்கம்பி:
சிக்னல் கேபிளையும் பவர் கேபிளையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டியிருப்பீர்கள். பிரித்துப் போடுங்கள். கையோடு நல்ல ஷீல்ட் (வயரைச் சுற்றிய உலோக உறை) உள்ள பவர் கேபிளாகவும் மாற்றிவிடுங்கள்.

நடுநிசி ரேடியோ:
பாக்ஸ் மாட்டிய பிறகுதான் வந்தது என்கிறாரே. இத்தனை நாள் சும்மா இருந்த கேபிளா இன்றைக்குக் கத்துகிறது?

ஓம் விதி:
தம்பி, வாங்குவதற்கு முன்னால் அது என்ன பொருள் என்று பார்த்தீர்களா? இந்த வகைப் பெட்டிகள் பலவற்றில் உள்ளே உலோகத் தூளும் கனிமத் தூளும், வெளியே ஒரு டெர்மினல், அவ்வளவுதான். கரண்ட் ஓட வேண்டும் என்றால் அது திரும்பி வரவும் வழி வேண்டும். ஒற்றை வயரில் தொங்கும் பெட்டிக்கு அந்த வழி கிடையாது. ஹம்மை அது போக்கவும் போக்காது, கொண்டு வரவும் வராது. வேறு இடத்தில் தேடுங்கள்.

சுழல்தட்டு:
ப்ரீஆம்ப் இரண்டு பின், பவர் ஆம்ப் மூன்று பின். வால்யூமை முழுக்கக் குறைத்தாலும் ஹம் அப்படியே இருக்கிறது. பாக்ஸையும், இரண்டு ஆம்பையும் இணைக்கும் ஆர்சிஏ சிக்னல் கேபிள்களையும் கழற்றிவிட்டு இரண்டு சாசிக்கும் (உலோக உடல்) நடுவே மீட்டர் வைத்தால் 90 வோல்ட் ஏசி காட்டுகிறது!! தொடலாமா?

பழைய டேப்:
பவர் ஆம்பின் எர்த் பின்னுக்கு டேப் சுற்றி மாட்டுங்கள். ஹம் போயே போய்விடும்.

ஓம் விதி:
இதைப் படிக்கும் யாரும் செய்துவிடாதீர்கள். உள்ளே பேஸ் வயர் (கரண்ட் வரும் வயர்) கழன்று சாசியில் பட்டால், எர்த் வழியாகப் பெரிய கரண்ட் ஓடி ஃப்யூஸ் போகும் அல்லது பிரேக்கர் விழும். எர்த்தை எடுத்துவிட்டால் அந்தக் கரண்ட் உங்கள் கை வழியாகத்தான் போகும்.

பழைய டேப்:
நான் பல வருடமாக இப்படித்தான் வைத்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை.

நடுநிசி ரேடியோ:
பேஸ் வயர் இன்னும் கழலவில்லை, அதனால் ஆகவில்லை. விடுங்கள்.

சுழல்தட்டு, அந்த 90 வோல்ட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இரண்டு பின் கருவியின் சாசி எர்த்தோடு சேராமல் மிதக்கிறது. டிரான்ஸ்பார்மர் வழியாகவோ சப்ளையில் இருக்கும் சிறு கெப்பாசிட்டர் வழியாகவோ கொஞ்சம் கசிவு இருக்கும். மீட்டரின் உள்தடை பெரும்பாலும் 10 மெகா ஓம் என்பதால் அந்தத் துளிக் கசிவே பெரிய எண்ணாகத் தெரியும். மீட்டர் முனைகளுக்குக் குறுக்கே ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்து மறுபடி அளங்கள். ஓரிரு வோல்ட்டுக்கு இறங்கினால் வெறும் கசிவுதான். இறங்கவே இல்லையென்றால் ப்ரீஆம்பை அணைத்துவிட்டுப் பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள்.

அப்புறம், பாக்ஸிலிருந்து வருவது ஒரு வயர்தானா?

சுழல்தட்டு:
இரண்டு. ஒன்று ப்ரீஆம்பின் காலி ஆர்சிஏ சாக்கெட்டுக்கு. இன்னொன்று சுவர் ப்ளக்குக்கு, அதில் எர்த் பின் மட்டும்தான் உலோகம். கையேட்டில் அப்படித்தான் இருக்கிறது. இதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன?

நடுநிசி ரேடியோ:
இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்! மிதந்துகொண்டிருந்த ப்ரீஆம்புக்கு அந்த வயர் எர்த் கொடுத்துவிட்டது. பவர் ஆம்புக்கு ஏற்கெனவே எர்த் உண்டு. இரண்டையும் ஆர்சிஏ கேபிளின் ஷீல்ட் இணைக்கிறது. வளையம் முழுமையாகிவிட்டது, கிரவுண்ட் லூப். ஷீல்டில் ஓடும் மெயின்ஸ் கரண்ட் அங்கே உண்டாக்கும் சிறு வோல்ட்டேஜ் சிக்னலோடு சேர்ந்துவிடுகிறது. அது வால்யூம் கட்டுப்பாட்டுக்குப் பிறகு நுழைவதால்தான் குறைத்தாலும் குறையவில்லை.

பாக்ஸை எல்லாவற்றிலிருந்தும் கழற்றி, ஆர்சிஏ ப்ளக்கின் வெளி வளையத்துக்கும் அந்த எர்த் பின்னுக்கும் நடுவே ஓம் அளங்கள். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் உங்கள் பெட்டி மின்சாரக் கணக்கில் ஒரு வயர், அவ்வளவே. சுவர் ப்ளக்கை எடுத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள்.

ஓம் விதி:
ஒற்றை வயர் என்று நினைத்துத்தான் நான் சொன்னேன். முழு விவரம் தராமல் கேட்டால் இப்படித்தான் ஆகும்.

வெள்ளிக்கம்பி:
என் பாக்ஸில் சுவர் வயரே கிடையாது. ஆனாலும் மாட்டியதும் பின்னணி நிசப்தமாகிவிட்டது, பாடுபவர் எங்கே நிற்கிறார் என்றே தெரிகிறது. என் காது பொய் சொல்லுமா?

ஓம் விதி:
சொல்லும். வேறொருவர் மாட்டட்டும், கழற்றட்டும், மாட்டியிருக்கிறதா இல்லையா என்று நீங்கள் பார்க்காமல் 10 முறை சொல்லுங்கள். 9 அல்லது அதற்கு மேல் சரியென்றால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். குருட்டு அதிர்ஷ்டத்தில் அப்படி வர வாய்ப்பு சுமார் 1 சதவீதம்தான்.

வெள்ளிக்கம்பி:
பரீட்சை மாதிரி உட்கார வைத்தால் யாருக்கும் கேட்காது. இசை ரசிப்பதற்கு.

நடுநிசி ரேடியோ:
சரி, காது வேண்டாம். ப்ரீஆம்ப் அவுட்புட்டை ஆடியோ இன்டர்பேஸ் (ஒலி சிக்னலைக் கணினிக்குக் கொண்டுபோகும் கருவி) வழியாகப் பதிவு செய்யுங்கள், பாக்ஸோடு ஒன்று, இல்லாமல் ஒன்று. ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் ஸ்பெக்ட்ரம் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்ற படம்) பாருங்கள். மெயின்ஸ் 50 ஹெர்ட்ஸ் என்றால் ஹம் தெரியும் இடங்கள் 50, 100, 150. 60 என்றால் 60, 120, 180. இரண்டு படமும் ஒன்றாக இருந்தால் ஹம் விஷயத்தில் பாக்ஸ் ஒன்றும் செய்யவில்லை.

வெள்ளிக்கம்பி:
எல்லாவற்றையும் அளந்துவிட முடியாது.

ஓம் விதி:
ஸ்பீக்கருக்குப் போவது வோல்ட்டேஜ் மட்டும்தான் ஐயா. அதில் இல்லாதது எந்த வழியாகக் காதுக்கு வருகிறது?

சுழல்தட்டு:
0.4 ஓம். சுவர் வயரை எடுத்ததும் ஹம் போய்விட்டது. நன்றி.

பழைய டேப்:
இப்போது பாக்ஸை வைத்திருக்கிறீர்களா, எடுத்துவிட்டீர்களா?

வெள்ளிக்கம்பி:
எடுக்காதீர்கள். ஒற்றை வயரில் ஒரு வாரம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

ஓம் விதி:
எழுதுவதற்கு முன்னால் அந்த 10 முறை.