பார்கூர்சூப் விண்ணப்பத்தில் மதிப்பெண் சரிவை எங்கே விளக்குவது?

அனைவருக்கும் வணக்கம். ரீயூனியன் தீவின் சேன்-தெனியில் பள்ளி இறுதியாண்டு படிக்கும் என் மகன், பிரான்சின் உயர்கல்விச் சேர்க்கை இணையதளமான பார்கூர்சூப் வழியாக ரீயூனியன் பல்கலைக்கழக மூஃபியா வளாகத்தின் கணினியியல் பட்டப்படிப்புக்கும், சேன்-பியேரில் உள்ள வலையமைப்பு, தொலைத்தொடர்புப் படிப்புக்கும் விண்ணப்பிக்கிறான். அனுமதிக்கப்பட்ட பத்து விருப்பங்களுக்கு (விண்ணப்பிக்கும் படிப்புகளுக்கு) முன்னுரிமை வரிசை கிடையாது என்பதால் அதில் குழப்பமில்லை. சிக்கல் மதிப்பெண் பட்டியலில்தான் இருக்கிறது.

2025-இல் தீவெங்கும் சிக்குன்குனியா பரவியபோது அவனும் படுத்துவிட்டான். மூட்டுவலியால் பேனா பிடிக்கவே முடியாத நிலையில், இறுதியாண்டுக்கு முந்தைய வகுப்பின் மூன்றாம் பருவக் கணித மதிப்பெண் இருபதுக்குப் பதினான்கிலிருந்து ஒன்பதாக இறங்கியது. இப்போது பதின்மூன்றுக்கு மீண்டிருக்கிறான். அந்த ஒன்பதோ பட்டியலில் அப்படியே நிற்கிறது.

ஏன் இந்தப் படிப்பு என்று விளக்கும் விருப்பக் கடிதத்துக்கு 1500 எழுத்துகளே இடம் என்பதால் நோயைப் பற்றி எழுதினால் பாதி போய்விடுகிறது. "சிறுவயது முதலே கணினியில் ஆர்வம்" என்ற தொடக்கத்தை வகுப்பாசிரியர் சிவப்பு மையால் அடித்துவிட்டார், சரியாகத்தான் செய்தார். அதற்குப் பதிலாக, கோயில் தைப்பூசக் காவடிக்குப் பெயர் பதிவு செய்ய அவன் எழுதிய சிறு நிரலைச் சேர்த்தோம். மருத்துவச் சான்று கையில் இருக்கிறது. பள்ளி வழிகாட்டி ஆலோசகரோ கடிதத்திலேயே சொல்லிவிடலாம் என்கிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை.

மார்ச்சில் விருப்பப் பதிவு முடிகிறது. இந்தச் சரிவைக் கடிதத்தில் தொடாமல், கல்விச் சூழலை விளக்கத் தரப்பட்டுள்ள தனிப்பகுதியில் மட்டும் எழுதி, இடம் பெற்றவர்கள் உங்களில் யாரேனும் உண்டா?